தண்டிக்கும் கை

திருவாரூர்ப் பெரிய கோயிலுக்கு வெளியே, வடகிழக்கு மூலையில், கல்லாலான தேர் ஒன்று நிற்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், அக்கன்று மாண்டது தன் ஏக புத்திரன் ஓட்டிய தேரின் சக்கரத்தில் என்று கேட்டறிந்த மன்னன் அப்புத்திரனையும் அவ்விதமே தேர்க்காலில் இட்டதையும் நினைவூட்டுவதற்காக நிற்கிற தேர் அது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். கதாநாயகனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் உண்டு. ஆனால் பழைய தஞ்சை ஜில்லாவின் எல்லைக்குள் வாழ்கிற எங்களுக்கு அவன் கதாநாயகன் மட்டுமல்லன், எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்கிற சாட்சியும் ஆவான். கொடுங்கொலைச் செய்தி ஒன்று பத்திரிகையில் வந்த நாளில், நீடாமங்கலத்து ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கிற அந்த நெடும்பொழுதில், நின்றுபோன பஸ்ஸுக்குள் குற்றவாளியைத் தூக்கிலிட வேண்டுமா என்ற விவகாரம் கிளம்பினால், மூன்றாவது வாக்கியத்துக்குள் யாராவது ஒருவர் மனுநீதிச் சோழனைக் கூண்டிலேற்றி, 'உயிருக்கு உயிர்' என்று அவன் வாயால் சொல்ல வைத்துவிடுகிறார். குறுக்கு விசாரணை மட்டும் நடப்பதில்லை.

அதை நடத்திப் பார்க்கலாம். சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், பசுவதைக்கு மறையவர் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்துவிட்டால் போதும் என்று மந்திரிகள் எடுத்துரைக்கிறார்கள்; என் மகன் செய்த கொலைக்குப் பிராயச்சித்தம், அயலான் ஒருவன் செய்த கொலைக்கு மட்டும் மரணமா என்று மன்னன் திருப்பிக் கேட்கிறான். ஆகவே அவனுடைய கடுமை குற்றத்தின் மீது கொண்ட கோபத்திலிருந்து பிறந்ததன்று. பட்சபாதத்தின் மீது கொண்ட அச்சத்திலிருந்து பிறந்தது. அடுத்தபடி, மைந்தனைத் தேர்க்காலிலிட ஏவப்பட்ட மந்திரி அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரை விட்டுவிடவே, மன்னன் தானே தேரைச் செலுத்துகிறான்: தீர்ப்புச் சொன்ன வாயும் நிறைவேற்றிய கையும் வேறு வேறல்ல. கடைசியாக, பஸ்ஸில் பேசுகிறவர் எப்போதும் விட்டுவிடுகிற பகுதி ஒன்றுண்டு. இறைவன் வீதியிலே காட்சி தந்து, கன்று, குமாரன், மந்திரி ஆகிய மூவரையும் எழுப்பிக் கொடுத்துவிடுகிறான். செத்தவர்கள் திரும்பி வராவிட்டால் அந்தக் கதையைப் பக்தி நூலில் வைத்துச் சொல்லச் சேக்கிழாருக்கே மனம் துணிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதே கதையைக் கடவுள் வராமல் சொன்ன நூல் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்ட எல்லாளனைப் பற்றி, அவனை வென்றவர்களின் பக்கமாக நின்று பாளியில் எழுதப்பட்ட மகாவம்சம், அவனது நடுநிலையைப் புகழ்வதற்காக இதே மணியையும் இதே பசுவையும் சொல்கிறது. அறியாமல் கன்றின் மேல் தேரை ஏற்றிய குமாரனின் தலை அதே சக்கரத்தால் அறுபடுகிறது; ஒருவரும் எழுந்து வருவதில்லை. ஆனால் அந்நூலாசிரியர் அத்துடன் நிறுத்தவில்லை. ஒரு நாள் எல்லாளனுடைய தேரின் நுகத்தடியே பட்டு ஒரு பௌத்தத் தூபி சிதைந்துபோகிறது. அரசன் உடனே தேரிலிருந்து இறங்கி வீதியிலே படுத்து, இந்தச் சக்கரத்தால் என் தலையையும் அறுத்துவிடுங்கள் என்கிறான். எங்கள் ஆசான் பிற உயிருக்கு ஊறு விளைவதை விரும்பமாட்டார், தூபியைச் செப்பனிட்டுச் சமாதானம் தேடிக்கொள்ளும் என்று மந்திரிகள் தடுத்துவிடுகிறார்கள். உதிர்ந்தவை 15 கற்கள். அவற்றைத் திரும்பப் பதிக்க அவன் செலவிட்டது 15,000 கஹாபணம்.

இவ்விரண்டு சம்பவங்களும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. மகன் செய்ததும் அறியாப்பிழை, தந்தை செய்ததும் அறியாப்பிழை. மகனுக்கு மரணம், தந்தைக்குச் செப்பனிடும் செலவு. எல்லாளன் நேர்மையற்றவன் என்று இதற்குப் பொருளல்ல. அவன் தலையைக் கொடுக்கத் தயாராகத்தான் படுத்தான். ஆனால் அவனைச் சுற்றி 'வேண்டாம்' என்று சொல்ல மந்திரிகள் இருந்தார்கள், மேற்கோள் காட்ட ஓர் ஆசான் இருந்தார், கட்டணம் செலுத்தப் பொக்கிஷம் இருந்தது. மரண தண்டனையைப் பற்றி இரண்டாயிரம் வருஷமாக நடந்துவருகிற தர்க்கத்தில், குற்றவாளிக்கு எவ்வளவு தகும் என்ற கேள்வியைப் பற்றியே எல்லோரும் மோதிக்கொள்கிறோம். தண்டிக்கும் கை யாரிடம் எளிதாக நீளுகிறது, யாரிடம் தயங்குகிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. தஞ்சைச் சீமையில் வாழ்ந்தவன் அதை அமுங்கவிடக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மதுரையில் பட்டதும் இதுதான். கோவலன் கொலையுண்ட காட்சியில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது பாண்டியனின் அவசரமோ பொற்கொல்லனின் வஞ்சமோ அல்ல. ஏவப்பட்டுப் போன காவலர்களின் தயக்கம். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று அவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பொற்கொல்லன் களவு நூலின் சாஸ்திரத்தையே எடுத்து விரிக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணைகள் கள்வருக்கு உண்டு என்கிறான். நிபுணரின் வாக்குமூலம் என்று இன்று நாம் சொல்வதை ஒத்த அந்தப் பிரசங்கத்தின் முன் சாமானியனின் கண்கள் கண்ட சந்தேகம் பின்வாங்குகிறது. காவலரில் ஒருவன், குடிவெறியில் இருந்த கல்லாதவன், வாளை வீசிவிடுகிறான். உண்மை வெளிப்பட்ட கணமே அரசனின் உயிர் பிரிந்தது என்கிறார் இளங்கோவடிகள். தவறான மரணத்துக்கு அன்று அரசன் கொடுத்த விலை அது. பிற்காலத்து நீதிபதிகளுக்கு உபகாரச் சம்பளம் நின்றதாகக்கூடத் தெரியவில்லை.

காவியங்களை விட்டுக் கல்வெட்டுகளுக்கு வந்தால் வேறொரு சோழ நாடு தெரிகிறது. வேட்டையிலோ சச்சரவிலோ எய்த அம்பு ஒரு மனிதன் மேல் பட்டு அவன் இறந்துபோன சந்தர்ப்பங்களில், ஊர்ச் சபையார் கூடி, கொன்றவன் திருக்கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்று விதித்த சாஸனங்கள் பல உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டினார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பற்றிக் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் ராஜராஜன் ஆட்சித் தொடக்கத்தில் வெட்டப்பட்ட சாஸனமோ அவர்களுடைய உடைமைகளும் உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது, கழுமரத்தைப் பேசவில்லை. பட்டத்து இளவரசனைக் கொன்றவர்களுக்கு ஏன் அவ்வளவோடு நின்றது, அவர்கள் பிராமணர் என்பதாலா, அகப்படவில்லை என்பதாலா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். மனுநீதியின் வம்சத்தார் என்று சொல்லிக்கொண்டவர்கள் நடைமுறையில் தேர்க்காலை அவ்வளவு தாராளமாக உபயோகிக்கவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

மரண தண்டனை வேண்டும் என்பவர்களின் கையிலிருக்கிற மிகச் சிறந்த தமிழ்ப் பிரமாணம் மனுநீதி அல்ல, வள்ளுவர்தான். கொலைபாதகரை அரசன் தண்டிப்பது பசும்பயிரில் களை எடுப்பதை ஒக்கும் என்று செங்கோன்மை அதிகாரத்தை அவர் முடித்திருக்கிறார். கொல்லாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தவரே இதையும் சொன்னார் என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில், நாலு திசையும் நெல்லாக இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்த உவமையை வாசிக்கிறவனுக்கு ஒரு கேள்வி தோன்றாமல் இருக்காது. நெல்லைப் போலவே முளைத்து, நெல்லைப் போலவே தோகை விட்டு, கதிர் தள்ளும் வரையில் தன்னைக் காட்டிக்கொடுக்காத புல் ஒன்று எங்கள் வயல்களில் உண்டு. வரப்பில் குடை பிடித்து நிற்கிற பண்ணையாருக்கு அது தெரியாது. சேற்றில் குனிந்து நிற்கிற பெண்ணுக்குத்தான் தெரியும். வள்ளுவரின் உவமையில் அரசன் களை எடுக்கிறான். இந்தச் சீமையில் களை எடுத்தவர்களோ, எடுக்கப்பட வேண்டிய களைகளாகவே தாங்கள் கருதப்பட்ட ஜனங்கள்.

இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் வந்த பிறகும் தஞ்சைப் பண்ணைகளில் வேறொரு தண்டனைச் சட்டம் அமலில் இருந்தது. அதன் பிரிவுகள் இரண்டு: சவுக்கடி, சாணிப்பால். வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்கும், எதிர்த்துப் பேசியவனுக்கும், நெல்லைத் திருடினான் என்று சந்தேகிக்கப்பட்டவனுக்கும் விசாரணையின்றி இவை வழங்கப்பட்டன. 1937 டிசம்பர் 28 அன்று இதே நீடாமங்கலத்தில் கூடிய தென் தஞ்சை ஜில்லா காங்கிரஸ் மாநாட்டில், சமபந்தி என்று நம்பி இலையில் உட்கார்ந்த தாழ்த்தப்பட்ட தொழிலாளிகள் பின்னர் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். அச்செய்தியை வெளியிட்ட 'விடுதலை' ஏட்டின் மேல்தான் வழக்கு வந்தது. பி. சீனிவாசராவும் அவர் தோழர்களும் கிராமம் கிராமமாக நடந்து சங்கம் கட்டிய பின், 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கத்தாரும் அதிகாரிகளும் கூடிச் செய்த ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று காகிதத்தில் ஏறியது. மனிதனை அடிக்கக் கூடாது என்பதற்கு ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்ட நாடு இது. இங்கே தண்டனை என்பது அரசாங்கத்தின் கையில் இருப்பதற்கு வெகு காலம் முன்பே நிலம் வைத்திருப்பவன் கையில் இருந்தது.

அந்தக் கை கடைசியாகவும் மிகக் கொடூரமாகவும் நீண்டது 1968 டிசம்பர் 25 இரவில், இங்கிருந்து கிழக்கே, கீழ்வெண்மணியில். கூலியாக அரைப்படி நெல் அதிகம் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் பின்னணி. ராமையாவின் குடிசைக்குள் ஒண்டிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், வெளியே தாழிடப்பட்டு எரிக்கப்பட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு முதல் எதிரி. 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் அவருக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. ஏராளமான நிலங்களுக்குச் சொந்தக்காரர்களும் கார் வைத்திருப்பவர்களுமான கனவான்கள் தாங்களே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத் தகுந்ததாக இல்லை என்பது அத்தீர்ப்பில் கண்ட காரணங்களில் ஒன்று. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டதற்கான வழக்கில் தொழிலாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

பல வருஷங்களுக்கு முன், தூக்குத் தண்டனை ஒழிப்பைப் பற்றி நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, சங்கத்தில் வயதாகிப்போன ஒரு பெரியவர் இடைமறித்தார். "நாப்பத்திநாலு உசுரு போச்சு தம்பி. ஒருத்தன் கழுத்துலயாவது கயிறு விழுந்துச்சா? தூக்கு வேணாம்னு சொல்றீங்களே, எங்களுக்கு எப்ப சட்டம் கெடச்சுச்சு, இப்ப வேணாம்னு விட்டுக் கொடுக்க?" என்று கேட்டார். தூக்குத் தண்டனைக்கு ஆதரவாக நான் கேட்டவற்றுள் இதுவே வலுவான வாதம். தொலைக்காட்சியில் கத்துகிறவர்களின் ஆத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆத்திரக்காரர் குற்றவாளியின் மேல் கோபப்படுகிறார். பெரியவர் சட்டத்தின் மேல் உரிமை கோருகிறார். எல்லோருக்கும் உள்ள கடைசி மரியாதையாவது எங்கள் பிணங்களுக்குக் கிடைக்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. மரண தண்டனையை எதிர்க்கிறவன் கருணையை மட்டும் எடுத்துக்கொண்டு வெண்மணிப் பக்கம் போனால், அவன் முகத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள், சாத்துவது நியாயமும்கூட.

ஆகவே கருணையை ஒதுக்கிவிட்டு, கயிறு எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்கலாம். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் மரண தண்டனையை நிலைநிறுத்தியபோது, அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டுமே அது என்ற வரம்பை வகுத்தது. ஐவரில் ஒருவராக மாறுபட்ட நீதிபதி பகவதி, எது அரிது என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறும் என்றார். அவர் சொன்னதற்கு நிரூபணம் அதையொட்டிய காலத்திலேயே கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலைக் குற்றத்தில் ஒரே விதமான பங்கு வகித்ததாக மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. மூவரும் தனித்தனியே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தார்கள். காஷ்மீரா சிங்குக்குத் தண்டனை குறைந்தது. ஜீத்தா சிங் 1981 அக்டோபர் 6-இல் தூக்கிலிடப்பட்டார். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் எழுதிய மனுவால் தப்பினார். மூன்று கழுத்துக்கு ஒரே குற்றம், மூன்று விதி. தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்று 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2014 வரை விசாரணைக் கோர்ட்டுகள் விதித்த மரண தண்டனைகளில் கடைசி வரை நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தண்டிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வறியவர்கள்.

நம் நாட்டுப்பக்கத்து உதாரணம் இன்னும் அருகில் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி விசேஷ நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதில் நால்வருக்கு மட்டும் மரணத்தை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுதலை செய்தது. 26 பேர் என்ற முதல் தீர்ப்பும் முறையான விசாரணையின் பயனாகத்தான் வந்தது என்பதை மறக்கக் கூடாது. நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது வயது 19. இரண்டு பாட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை என்று, அதைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரியே 2013-இல், ஓய்வு பெற்ற பின், வெளிப்படுத்தினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு 2011 செப்டம்பர் 9 அன்று பேரறிவாளனைத் தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் தடை வந்திராவிட்டால் அந்த அதிகாரியின் மனசாட்சி பேசியிருக்கும், கேட்கத்தான் ஆளிருந்திராது. 2014-இல் தண்டனை குறைந்தது. 2022 மே 18-இல், 31 வருஷச் சிறைக்குப் பின், விடுதலை. ஸ்ரீபெரும்புதூரில் உடன் மடிந்தவர்களின் குடும்பத்தாரும் காயமுற்றவர்களும் அவ்விடுதலையைக் கண்டு கொதித்ததையும் சொல்ல வேண்டும்; அந்தக் கொதிப்பைப் பொய் என்று தள்ள யாருக்கும் யோக்கியதை இல்லை.

கயிறு மற்றவர்களை அச்சுறுத்தும் என்ற வாதத்தில் நான் நேரம் செலவிடப் போவதில்லை. தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் ஆட்டோ சங்கருக்கு நிறைவேறியது. அதற்குப் பின் கொலை செய்யப் புறப்பட்ட எவனும் அதை எண்ணித் திரும்பினானா என்று யாரும் கணக்கெடுக்க முடியாது. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், மரண தண்டனையை அடியோடு ஒழிப்பதே அஹிம்சையை ஒப்புக்கொண்ட தேசத்துக்குத் தகும் என்று சொன்னார். 2015-இல் சட்டக் கமிஷன், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக ஒழித்துவிடலாம் என்று எழுதியது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது இன்னும் விசாலமாகவே உட்கார்ந்திருக்கிறது.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 1970-இல் நாகப்பட்டினத்து நீதிபதி பத்தாண்டுக்குப் பதிலாகத் தூக்கு விதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரண தண்டனை எதுவும் உயர் நீதிமன்றத்தின் உறுதி இல்லாமல் நிறைவேறாது. உயிர் போகிற வழக்கு என்றால் சாட்சியத்தை இன்னும் நுணுக்கிப் பார்ப்பதே சம்பிரதாயம். கார் வைத்திருப்பவர்கள் நடந்து போயிருப்பார்கள் என்பதைச் சிறைவாசத்துக்காகவே நம்ப முடியாத மனசு, கழுத்துக்காக நம்பியிருக்குமா? குடிசைகளிலிருந்து ஓடித் தப்பியவர்கள் இருட்டில் முகம் அடையாளம் சொன்னார்கள் என்பதை ஏற்காத நியாயஸ்தலம், கயிற்றைக் கண்டதும் இன்னும் ஆயிரம் சந்தேகங்களை உண்டுபண்ணியிருக்கும். அச்சந்தேகங்களை எடுத்துவைக்கப் பெரிய வக்கீல்களும் இருந்தார்கள். எல்லாளனைச் சுற்றி நின்ற மந்திரிகளைப் போல் அவர்கள் எந்தக் காலத்திலும் தலைமைக்குக் கிடைப்பார்கள். ஆனால் அந்த இரவுக்கு இன்னொரு வழக்கும் இருந்தது. அதில் கூண்டில் நின்றவர்கள் பண்ணையாட்கள், இறந்தவர் மிராசுதார் தரப்பு ஆள், அங்கே சாட்சியத்தை நம்புவதில் கோர்ட்டுக்கு அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. 1968-இல் இந்தச் சீமையில் கயிறு தாராளமாக இறங்கியிருக்குமானால், அது முதலில் இறங்கியிருக்கக் கூடியது அந்தக் கூண்டில்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, எங்கள் ஆள் ஒருவன் தூக்கில் தொங்கினாலும் அவர்களில் ஒருவன் தொங்கியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும் என்றார். அந்த இரண்டாவது ஆள் ஒருபோதும் தொங்கியிருக்க மாட்டான் என்பதுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம். அதைப் பற்றி அதற்குப் பின்னும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.